எங்கே வாசித்தாய் என்று கேளுங்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, இணையத்தில் உள்ள எழுத்தை வாசித்துத் தானாகவே அறிவைச் சேர்க்கும் கணினிகளைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுப் போனேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் சூடாகும் கைபேசி, மறந்துபோன பாஸ்வேர்ட், மெதுவான வைஃபை எல்லாம் வரிசையில் நிற்கட்டும். முழுப் பகுதியும் இந்த ஒரு விஷயத்துக்கே.

உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி: கணினி வாசித்துக் “கற்றுக்கொள்கிறது” என்றால் என்ன செய்கிறது? கணிதம் இல்லாமல் விளக்க முடியுமா ஐயா?

முடியும் பிள்ளை. “கொய்யா, மாதுளை, ரம்புட்டான் போன்ற பழங்கள்” என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். ரம்புட்டானைக் கண்ணால் கண்டிராதவருக்கும் அது ஒரு பழம் என்று தெரிந்துவிடும். “போன்ற” என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்படிக் காட்டிக்கொடுக்கும் தொடர்களைத் தேடிப்பிடித்து, கணினிக்குக் கொடுத்தால் எது எந்த வகை என்று அதுவே பட்டியல் போடும் என்று 1992இல் காட்டியவர் மார்ட்டி ஹேர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்.

ஆறு வருடம் கழித்து சேர்ஜி பிரின் ஒரு படி மேலே போனார். கூகுளை ஆரம்பித்த இருவரில் ஒருவர். அப்போது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர். அவர் தொடர்களைக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து புத்தகங்களின் பெயரையும் அவற்றை எழுதியவர்களின் பெயரையும் மட்டும் கொடுத்தார். அந்தப் பெயர்ச் சோடிகள் இணையத்தில் எங்கெல்லாம் வருகின்றன, சுற்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கணினி பார்த்தது. அந்தச் சுற்றெழுத்தைக் கொண்டு புதிய சோடிகளைப் பிடித்தது. புதிய சோடிகளைக் கொண்டு மேலும் புதிய சுற்றெழுத்து. ஐந்தில் தொடங்கியது 15,000 புத்தகங்களைத் தாண்டிப் போய் நின்றது.

இதை நம் ஆறுகளில் செய்து பார்ப்போம். கணினியிடம் இரண்டு சோடி கொடுக்கிறோம்: களனி கங்கை – கொழும்பு, மகாவலி கங்கை – திருகோணமலை. எந்த ஆறு எந்த ஊரில் கடலைச் சேர்கிறது என்பதுதான் பாடம். அது தேடி, “களனி கங்கை கொழும்பு அருகே கடலில் கலக்கிறது” என்ற வரியைக் கண்டுபிடிக்கிறது. “அருகே கடலில் கலக்கிறது” என்பது நல்ல தொடர் என்று குறித்துக்கொள்கிறது. அந்தத் தொடரோடு மறுபடி தேடினால் களு கங்கை – களுத்துறை, ஜின் கங்கை – ஜின்தோட்டை, நில்வளா கங்கை – மாத்தறை எல்லாம் வலையில் விழுகின்றன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்புறம் “களுத்துறைப் பாலத்தின் கீழ் ஓடும் களு கங்கை” என்று எங்கோ ஒரு பயணக் கட்டுரையில் பார்க்கிறது. சரி, “பாலத்தின் கீழ் ஓடும்” என்பதும் நல்ல தொடர்தான் என்று அதையும் சேர்த்துக்கொள்கிறது.

இங்கேதான் விவகாரம். அடுத்து அது வாசிப்பது: “பேராதனைப் பாலத்தின் கீழ் ஓடும் மகாவலி கங்கை.” முடிந்தது. மகாவலி பேராதனையில் கடலோடு கலக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்கிறது! அதோடு விடுமா? பேராதனையைக் கடலோர ஊராக்கி, அதைச் சுற்றி உள்ள தொடர்களையும் படிக்கத் தொடங்கிவிடும். ஒரு தவறான சோடி பத்துத் தவறான தொடரைப் பெறும். கடைசியில் கண்டிக்கே கடற்கரை வந்துவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், வெள்ளவத்தை: இரவு பகலாக வாசிக்கும் கணினி என்று எழுதியிருந்தீர்கள். உண்மையில் அப்படி ஒன்று இருந்ததா, அல்லது பேச்சுக்குச் சொன்னீர்களா?

இருந்தது ஐயா. பெயர் நெல். நம் வயல் நெல் அல்ல, “ஓயாமல் மொழி கற்பவர்” என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், டொம் மிட்செல் என்ற பேராசிரியரின் குழு 2010 ஜனவரியில் அதை ஓடவிட்டது. 24 மணி நேரமும் ஓட்டம். முதலில் கொடுத்தது 123 வகைகள், 55 உறவுகள். வகை என்றால் நகரம், ஆறு, விளையாட்டு வீரர், பானம் என்பது மாதிரி. உறவு என்றால் இன்னார் இந்த அணிக்கு விளையாடுகிறார் என்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து உதாரணம். வாசிக்கக் கொடுத்தது 500 மில்லியன் ஆங்கில இணையப் பக்கங்கள்.

மேலே மாணவிக்குச் சொன்ன பேராதனை விபத்தைத் தடுப்பதுதான் அவர்களுடைய முக்கிய யோசனை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பாடங்களைப் படிக்க வைத்தார்கள். ஒரு பாடம் இன்னொன்றைக் கட்டிப்போடும். ஒரு பெயர் ஆறாக இருந்தால் அது மனிதராக இருக்க முடியாது. நகரமாக இருந்தால் பழமாக இருக்க முடியாது. அதோடு ஒரே எழுத்தை வாசிக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் வைத்திருந்தார்கள். ஒன்று வாக்கியங்களைப் பார்க்கும். இன்னொன்று பட்டியல்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார்க்கும். மூன்றாவது பெயரின் உருவத்தைப் பார்க்கும். நம் ஊரில் “கங்கை” என்றோ “ஓயா” என்றோ முடிந்தால் ஆறாக இருக்கலாம் என்று நாமே ஊகிப்பதில்லையா, அப்படி. வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே முடிவைச் சொன்னால் நம்பிக்கை கூடும். ஒரு வழி மட்டும் சொன்னால், போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கும்.

வங்கியில் இருந்தவர், கணக்குக் கேட்பீர்கள் என்று தெரியும். 67 நாள் ஓடியபின் குழுவினர் தாங்களே வெளியிட்ட கணக்கு இது: சேர்த்த தகவல்கள் 242,453. அவற்றில் சரியானவை ஏறக்குறைய 74 வீதம். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் சுவாரசியம். ஓட்டத்தை மூன்றாகப் பிரித்தால் முதல் பகுதியில் 90 வீதம் சரி, நடுவில் 71, கடைசிப் பகுதியில் 57. வாசிக்க வாசிக்கத் தரம் இறங்கியிருக்கிறது. சுலபமானதை முதலில் பொறுக்கிவிட்டது, கடினமானது மிஞ்சியது, இடையே தன் பழைய பிழைகளையே ஆதாரமாக வைத்து மேலே கட்டியது. இந்த எண்களை மறைக்காமல் போட்டார்களே, அதற்காகவே அந்தக் குழுவின் மேல் எனக்கு மரியாதை. 2018இல் அவர்கள் மறுபடி எழுதியபோது எண்ணிக்கை 120 மில்லியனைத் தாண்டியிருந்தது. அவை ஒவ்வொன்றோடும் “இவ்வளவு நம்புகிறேன்” என்று ஓர் அளவும் ஒட்டியிருக்கும்.

இல்லத்தரசி, முகத்துவாரம்: அது செய்த பிழைகளில் சிரிப்பு வரும்படி ஏதாவது உண்டா தம்பி?

தம்பி என்று கூப்பிட்டதற்கு முதலில் நன்றி அக்கா. உண்டு. பேக்கரிப் பண்டங்கள் என்று ஒரு வகை வைத்திருந்தார்கள். கேக், பாண் என்று ஒழுங்காகத்தான் சேர்த்துக்கொண்டு போனது. இணையத்தில் குக்கீ என்று ஒன்று இருக்கிறது. நாம் ஓர் இணையத்தளத்துக்குப் போனால், அது நம் கணினியில் போட்டுவிட்டு வரும் சின்னக் குறிப்பு அது. ஆங்கிலத்தில் இனிப்பு பிஸ்கட்டுக்கும் அதே பெயர்தான். நெல் அதையும் பேக்கரியில் வைத்துவிட்டது. மனிதர்கள் “குக்கீயை அழித்தேன்” என்று எழுதுவதைப் பார்த்தது. பிறகு “ஃபைலை அழித்தேன்” என்று எழுதுவதையும் பார்த்தது. அழிக்கப்படுவது பிஸ்கட் என்றால், ஃபைலும் ஏதோ ஒரு கேக் வகைதான்! இப்படிக் கணினிக் கோப்புகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலுபாணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

முதலில் மனிதர் கை வைக்காமல் விட்டிருந்தவர்கள், அதன் பிறகு அவ்வப்போது ஒவ்வொரு வகையையும் சில நிமிடம் பார்த்து, படுமோசமானவற்றைத் தட்டிவிடத் தொடங்கினார்கள். நான் கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் ஈய எழுத்துக் காலத்தில் புரூஃப் பார்க்கத் தொடங்கியவன். சில நிமிடப் பார்வைக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசிரியை, தெமட்டகொடை: இலங்கையின் தலைநகர் கொழும்பு என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். திருத்தினால், “இணையத்தில் அப்படித்தான் இருக்கிறது மிஸ்” என்கிறார்கள். உங்கள் வாசிக்கும் கணினி எதை நம்பும்?

டீச்சர், இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது.

நாடாளுமன்றம் 1982இல் தியவன்னாவின் நடுவே உள்ள புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. பாடப்புத்தகம் சொல்வது அதுதான். ஆனால் ஜனாதிபதி செயலகம் காலிமுகத்திடலில். உயர் நீதிமன்றம் புதுக்கடையில். மத்திய வங்கியும் கொழும்பில்தான். வெளிநாட்டுச் செய்தியாளர் எழுதும்போது “தலைநகர் கொழும்பிலிருந்து” என்றுதான் தொடங்குகிறார். ஆக, எழுத்தை எண்ணிக்கொண்டு வரும் கணினிக்குக் கொழும்புக்கே ஓட்டு அதிகம் விழும்.

எண்ணுவதில் இருக்கும் பெரிய ஓட்டை இது. ஓர் ஒழுங்கையில் பத்து வீட்டுக்காரர் ஒரே கதையைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று அர்த்தமில்லை. முதல் வீட்டு அம்மா சொன்னது பத்து வாயால் வருகிறது. இணையப் பக்கங்களும் அப்படித்தான் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. கெட்டிக்காரக் கணினி எத்தனை பக்கம் என்று எண்ணுவதைவிட, எத்தனை தொடர்பில்லாத இடங்கள் என்று எண்ணப் பார்க்கும். அது சொல்ல எளிது, செய்யக் கடினம்.

“ஒரு நாட்டுக்கு ஒரு தலைநகர்தான்” என்று விதி போட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் அந்த விதி, ஓட்டு அதிகம் விழுந்த கொழும்பை வைத்துக்கொண்டு கோட்டையைத் தள்ளிவிடும். தென்னாபிரிக்காவில் இன்னும் மோசமாகும்; பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபொன்டெய்ன் என்று மூன்று தலைநகர் அவர்களுக்கு. இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும்.

தமிழில் வாசித்தால் இன்னொரு தலையிடியும் உண்டு. நாம் ரயில் ஏறும் கோட்டையும் கோட்டை, நாடாளுமன்றம் இருக்கும் கோட்டையும் கோட்டை. “கோட்டையில் போக்குவரத்து நெரிசல்” என்ற செய்தி எந்தக் கோட்டையைப் பற்றியது என்று எனக்கே மூன்றாவது வரி வரை போனால்தான் விளங்குகிறது. புறக்கோட்டையோ எதிர்ப்பக்கம்: ஆங்கிலத்தில் பெட்டா, சிங்களத்தில் பிட்டகொட்டுவ, ஆனால் ஒரே இடம். ஒரு பெயருக்கு இரண்டு இடம், ஓர் இடத்துக்கு மூன்று பெயர். வாசிப்பதில் பாதி வேலை, யாரைப் பற்றிப் பேச்சு என்று பிரித்து அறிவதிலேயே போய்விடுகிறது.

உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். இணையத்தில் எங்கே பார்த்தார்கள், அந்தப் பக்கத்தை எழுதியவர் யார், அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பாதி வகுப்பு நின்றுவிடும்.

ஓட்டோ ஓட்டுநர், தெஹிவளை: என் மகன் கைபேசியில் எதைக் கேட்டாலும் டக்கென்று தமிழில் பதில் வருகிறது. அதுவும் நீங்கள் சொல்லும் இதே சாமான்தானா?

அதே ஆசை, வேறு வழி அண்ணை. நெல் வகையறா, வாசித்ததைத் தனித்தனித் தகவலாக எழுதி வைத்தது. களு கங்கை, களுத்துறை, இந்த இந்தப் பக்கத்தில் பார்த்தேன், இவ்வளவு நம்புகிறேன் என்று. மகன் பேசுவது 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு புதிய அமைப்பிலிருந்து வளர்ந்த வகை. அது தகவலை எழுதி வைப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களை வாசித்து, இந்தச் சொற்களுக்கு அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று ஊகிக்கப் பழகுகிறது. பழகியது எல்லாம் எண்களாக உள்ளே கிடக்கும். இந்த வகையில் 2020இல் வந்த ஜிபிடி-3 என்பதில் அப்படி 175 பில்லியன் எண்கள். அவற்றில் எந்த எண்ணில் களு கங்கை இருக்கிறது என்று கேட்டால், செய்தவர்களாலும் விரலை வைத்துக் காட்ட முடியாது.

பேச்சில் இது கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. நெல்லால் ஒரு கடிதம் எழுத முடியாது. இது எழுதும். ஆனால் நான் பழைய ஆளைத்தான் நம்புவேன். ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலேயே.

இப்படியான ஓர் உரையாடல் செயலியிடம், வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு எந்த பஸ் என்று தமிழில் கேட்டேன். 100 என்றது. சரி. 101 என்றது. அதுவும் சரி. இரண்டும் காலி வீதியால் போகிறவை. மூன்றாவதாக 138 என்றது, அதே உறுதியான குரலில். 138 நுகேகொடைப் பக்கமாக ஹைலெவல் வீதியால் வருவது. வெள்ளவத்தைச் சந்தையடியில் நின்று 138க்குக் கை காட்டுகிறவர் பொழுது சாயும் வரை காட்டிக்கொண்டே நிற்கலாம். “எங்கே வாசித்தாய்?” என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டது. கேட்டது அதுவல்லவே! புறக்கோட்டை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 138 என்ற எண் ஏராளமாக எழுதப்பட்டிருக்கும், அதனால் நாக்கில் வந்திருக்கும் என்பது என் ஊகம். நெல் இதே பிழையைச் செய்திருந்தால், எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் பார்த்து ஏமாந்தது என்று போய்ப் பார்த்து அந்த ஒன்றைத் தட்டிவிடலாம்.

இப்போது வரும் சில செயலிகள் பதில் சொல்லும் முன் இணையத்தில் தேடி, அடியில் இணைப்புகளும் தருகின்றன. நல்ல முன்னேற்றம். மகனிடம் சொல்லுங்கள், இணைப்பைத் தொட்டு உள்ளே போய் அந்த வரி அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. சில வேளை பக்கம் இருக்கும், விஷயம் இருக்காது.

கவிஞர், கல்கிசை: என் கவிதைகளை வலைப்பூவில் போட்டிருக்கிறேன். அவற்றையும் வாசித்துவிட்டார்களா? தடுக்க வழி?

பொதுவில் இருந்தால் வாசித்திருக்க வாய்ப்பு உண்டு. இணையத்தளத்தின் வாசலில் ரோபோட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு வைக்கலாம். இன்ன தானியங்கி உள்ளே வராதே என்று எழுதலாம். 1994 முதல் இருக்கும் வழக்கம். அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. மரியாதை தெரிந்தது மதிக்கும். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை தன் கட்டுரைகளுக்காக 2023 டிசம்பரில் வழக்கே போட்டது. கவிதையைப் பூட்டி வைப்பதா, பரவ விடுவதா என்பது உங்கள் விருப்பம். எனக்குத் தெரிந்த கவிஞர்கள் யாராவது வாசித்தால் போதும் என்ற நிலையில்தான் இருக்கிறார்கள்.

சிற்றிதழ் ஆசிரியர், கொட்டாஞ்சேனை: எங்கள் சஞ்சிகையின் பழைய இதழ்கள் எல்லாம் கணினியில் உள்ளன. இணையத்திலும் ஏற்றியிருக்கிறோம். ஆனால் எந்தத் தேடலிலும் ஒரு வரிகூட அகப்படுவதில்லை. இயந்திரத்துக்கு நம் தமிழ் பிடிக்கவில்லையா?

பிடிக்காமல் இல்லை, அதற்கு அது தமிழே அல்ல. உங்கள் கோப்புகள் பாமினியில் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

பாமினி எழுத்துரு இல்லாவிட்டால் இந்த நகரத்தில் ஒரு கல்யாண அட்டை, ஓர் அஞ்சலிப் பிரசுரம், ஒரு வினாத்தாள் வந்திருக்காது. அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் சோறு போட்டது. ஆனால் அது செய்தது ஒரு தந்திரம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. திரையில் நீங்கள் “கொழும்பு” என்று பார்க்கிறீர்கள். கோப்புக்குள் உண்மையில் கிடப்பது என், எஃப், எச், பெரிய ஓ, கே, ஓர் அரைப்புள்ளி, பெரிய ஜி. “தமிழ்” என்ற சொல்லே உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது அதுதான். வாசிக்க வரும் இயந்திரம் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடப்பதைத்தான் பார்க்கிறது. இத்தனை வருட உழைப்பும் அதற்கு ஏதோ பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரி.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுமுறைதான் யூனிகோட். அதில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்துவிட்டது. ஆகவே மாற்றுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆனால் மாற்றிவிட்டு அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இரண்டு இடத்தில் கை வையுங்கள். ஒன்று, பாமினியில் “கொ” என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு, கொம்பு முன்னால் நிற்கும். யூனிகோடில் ககரம் முதலில், குறி பின்னால். மோசமான மாற்றிகள் இங்கே கொம்பை அநாதையாக விட்டுவிடும். இரண்டு, கட்டுரையின் நடுவே நீங்கள் ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது வேடம் போட்ட ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கி வைக்கும். ஒரு மின்னஞ்சல் முகவரி தமிழ் எழுத்தில் “மாறி” வந்திருப்பதைப் பார்த்தால் பேய் பிடித்த மந்திரம் மாதிரி இருக்கும்.

அச்சில் மட்டும் உள்ள இதழ்களை ஸ்கேன் செய்து போடுவது நல்லதுதான். 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் அப்படிச் சேர்த்துக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. மனிதர் வாசிக்க அது போதும். இயந்திரத்துக்கு ஸ்கேன் என்பது படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்க வேண்டும், பிரித்தபின் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்; ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறிப்போய் நிற்கும். எனக்கு வேலை போகாது என்று தைரியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் செய்யாவிட்டால் என்ன? ஜிபிடி-3 வாசித்தவற்றில் சொல் கணக்குப்படி ஏறக்குறைய 93 வீதம் ஆங்கிலம். மிச்ச 7 வீதத்தை உலகின் மற்ற மொழிகள் எல்லாம் பங்குபோட்டுக்கொண்டன. அதில் தமிழுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும், அந்தத் தமிழுக்குள் கொட்டாஞ்சேனை எவ்வளவு என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஓர் அம்மம்மா, மருதானை: பேத்திக்கு எட்டு வயது. புத்தகமும் கையுமாகவே இருக்கிறாள். கணினியே வாசித்து எல்லாம் கற்கிறது என்றால் பிள்ளைக்கும் அது போதும்தானே?

வாசிக்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் வெளியிலும் விடுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதுவதில்லை அம்மா. காகம் கறுப்பு என்று எந்தப் பத்திரிகையும் செய்தி போடாது. எங்கோ ஒரு வெள்ளைக் காகம் வந்தால் படத்தோடு போடும். எழுத்தை மட்டும் எண்ணுகிற இயந்திரத்துக்கு, வெள்ளைக் காகம் உலகில் உள்ளதைவிட மிக அதிகமாகத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்தால் தரை நனையும், கையை விட்டால் பொருள் கீழே விழும், அம்மாவைவிட மகள் இளையவள் என்பதெல்லாம் எழுத்தில் மிக அரிது.

இந்தக் குறையை நிரப்ப டக்ளஸ் லெனட் என்ற அமெரிக்கர் 1984இல் ஒரு வேலை தொடங்கினார். சைக் என்று பெயர். கணினி வாசித்துப் பொறுக்காது என்று முடிவு செய்து, பொதுப்புத்தியை மனிதர்கள் கையால் ஒவ்வொரு விதியாக எழுதிக் கொடுத்தார்கள். அவர் 2023இல் இறக்கும்வரை அந்த வேலை முடியவில்லை. உங்கள் பேத்தி அதில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே குசினியிலும் முற்றத்திலும் முடித்திருப்பாள்.

தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், மட்டக்குளி: குறை சொல்வது சரி. என்னிடம் இருப்பது ஒரு கைபேசி. நான் என்ன செய்யலாம்?

கேட்கிற விதமே பிடித்திருக்கிறது தம்பி.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை ஆரம்ப காலத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் நம் யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன். கட்டடக் கலைஞர், ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அங்கே எழுதலாம். நீண்ட கட்டுரை எழுதப் பொறுமை இல்லை என்றால் விக்கித்தரவு இருக்கிறது, 2012 ஒக்டோபரில் வந்தது. அங்கே வாக்கியம் இல்லை, நெல் சேர்த்த மாதிரித் தனித்தனித் தகவல்தான். ஆனால் சேர்ப்பவர் மனிதர். ஆறு, அது சேரும் கடல், பாடசாலை, அது தொடங்கிய ஆண்டு என்று ஒவ்வொன்றாகப் போடலாம். பஸ்ஸில் இருந்துகொண்டே செய்யலாம்.

அதில் எனக்குப் பிடித்தது இரண்டு. முதலாவது, ஒவ்வொரு தகவலுக்கும் கீழே ஆதாரம் போட ஓர் இடம் உண்டு. பலர் வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் விடாதீர்கள், புதிதாக ஒன்றும் சேர்க்காமல், வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் ஆதாரம் போடுவதையே வேலையாக வைத்துக்கொண்டாலும் புண்ணியம். இரண்டாவது, டீச்சர் கேட்ட தலைநகர் சண்டைக்கு அங்கே வழி உண்டு. ஒரே கேள்விக்கு இரண்டு பதிலையும் போடலாம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று குறிக்கலாம், இப்போது செல்லுபடியாவது எது என்று ஒன்றை மேலே உயர்த்தி வைக்கலாம். பழையதை அழிக்க வேண்டியதில்லை.

முதலில் உங்கள் மட்டக்குளியில் இருந்து தொடங்குங்கள். உங்கள் பாடசாலை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதற்காவது தமிழ்ப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் சேருங்கள். ஆண்டு தெரியவில்லை என்றால் வாசலில் பதித்திருக்கும் கல்லைப் போய்ப் பாருங்கள், படம் எடுங்கள். கல்லிலும் நினைவு மலரிலும் வேறு வேறு ஆண்டு இருந்தால் இரண்டையும் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதுங்கள்.